நடுப்பாலத்தில் நின்ற வண்டி

டிரைவிங் ஸ்கூலில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் மனைவிகூட, கோபம் வந்தால், "என்ன மாஸ்டர், இன்னிக்கு யாரைக் கொண்டுபோய் எதுல மோதினீங்க?" என்று ஆரம்பிப்பாள். உண்மையில் அவருடைய வண்டி எதிலும் மோதியதில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டாலும் அவருக்குக் குரல் ஏறாது. "பரவால்ல, சுவர் எங்கயும் போகாது. நாமதான் கொஞ்சம் தள்ளிப் போகணும்" என்பார். அவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் சத்தமில்லாமல் மிதித்துவிடுவார். பாதிப் பேர் தாங்களே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார்கள்.

அவரிடம் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீராமல் இருந்தது. மற்ற மாஸ்டர்கள் எல்லாம் காலி மைதானம், புறவழிச் சாலை என்று கூட்டிப்போக, இவர் மட்டும் ஏன் பெட்ரோல் பங்க், நூலகம், கோர்ட்டு, பெரிய ஜவுளிக்கடை என்று ஊருக்குள்ளேயே சுற்ற வைக்கிறார்? நெரிசலில் பழக்குகிறார், அது ஒரு தனி உத்தி என்று சிலர் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். உத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இடங்களில் எல்லாம் கழிப்பறை இருந்தது. எதற்கு வாட்ச்மேனிடம் சாவி கேட்க வேண்டும், எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவருக்குப் பெருங்குடலில் புண். முதலில் ரத்தம் பட்டபோது மூலம் என்று நினைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடையில் பெண்கள் நின்றார்கள். குனிந்து, கிசுகிசுத்து, பாதியை விழுங்கிச் சொன்னதில், "காரத்தைக் குறைங்க" என்று ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பினார் கடைக்காரர். இரண்டு வருடம் களிம்பிலேயே ஓடியது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாகத் துளை போட்டுக்கொண்டார். ஒருநாள் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் மனைவி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே கேமராவை விட்டுப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"உடம்பைக் காப்பாத்த வேண்டிய சக்தியே உங்க குடலை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. இதை முழுசாத் தீர்க்க முடியாது. கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

"நான் என்ன தப்புப் பண்ணினேன் டாக்டர்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல."

அந்தப் பதில்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது பண்ணியிருந்தால் அதை நிறுத்தியிருக்கலாம்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி அவருக்கு இன்னொரு வேலை மாதிரி ஆகிவிட்டது. குடல் பிரிவு நீளமான நடையின் ஒரு கோடியில் இருந்தது. கழிப்பறை மறுகோடியில், எக்ஸ்ரே அறையையும் தாண்டி. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் டோக்கன் கடைசிக்குப் போய்விடும். குடல் நோயாளிகளுக்கென்றே இப்படியொரு விளையாட்டை யார் யோசித்தார்களோ என்று அவர் நினைத்துக்கொள்வார். வழக்கமாக வரும் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கண் ஜாடை காட்டுவார்: "நீங்க போயிட்டு வாங்க, கூப்பிட்டா நான் சொல்லிக்கிறேன்." அடுத்த முறை இவர் அவருக்குக் காவல். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு எப்போது தாங்காது என்பது மட்டும் தெரியும்.

உள்ளே போனால் ஒவ்வொரு முறையும் புது டாக்டர். கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேள்வி மட்டும் மாறாது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

"ஒரு ஆறு, ஏழு இருக்கும்."

அது மத்தியானத்துக்குள் ஆகிற கணக்கு. ஆனாலும் ஆறு, ஏழு என்றுதான் அவர் வாயில் வரும். குறைத்துச் சொன்னால் டாக்டரின் முகம் தெளியும், "பரவால்லையே" என்பார், இவருக்கும் ஒரு நிமிடம் பரவாயில்லை போலத் தோன்றும். லைசென்ஸ் தேர்வு நாளில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்காரும்போது தன் மாணவர்கள் எந்த முகத்தைக் காட்டுவார்களோ, அதே முகத்தைத்தான் அவர் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார். எப்படியாவது தேறிவிட வேண்டும்.

மாத்திரைகள் முகத்தை ஊத வைத்தன. கன்னம் உருண்டு, கண் சுருங்கி, கண்ணாடியில் யாரோ ஒரு செழிப்பான ஆள் தெரிந்தார். ரத்தம் போய், நிற்க முடியாமல் நின்ற நாட்களில் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பார்க்கிறவர் எல்லாம் பாராட்டினார்கள். "இப்பதான் மாஸ்டர், ஆள் பார்க்க லட்சணமா இருக்கீங்க" என்றார் டிரைவிங் ஸ்கூலின் முதலாளியம்மா. அவர் நல்ல மனுஷி. மாஸ்டருக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

மனைவியின் அண்ணன் மின்சார ஆபீசில் வேலை பார்ப்பவர். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அவரிடம் யோசனை தயாராக இருக்கும். வாரம் தவறாமல் வந்து, ஒருமுறை வேர், ஒருமுறை மூச்சுப் பயிற்சி, ஒருமுறை வெறும் வெந்நீர் குடித்தே தேறிய ஒரு நண்பரின் நண்பர் என்று கொண்டுவந்து இறக்குவார்.

"நீங்க மனசுல எதையோ போட்டு அடக்கி வெச்சிருக்கீங்க மாப்ள. டென்ஷன்தான் இதுக்கெல்லாம் காரணம்."

"மனசுல எதையும் அடக்கல மச்சான். அடக்க முடியாததெல்லாம் வயித்துலதான் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மச்சான் போனபிறகு மனைவி, அண்ணன் கொண்டுவந்த பொட்டலத்தை எடுத்து அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிடுவாள். அங்கே ஒரு சின்ன மூலிகைக் காடே உருவாகியிருந்தது.

மகள் தொலைதூரத்தில், ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் இருந்தாள். குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் அதைப் போனில்தான் பார்த்திருந்தார். ரயிலில் ஒரே கழிப்பறை வாசலில் பத்துப் பேர் நிற்பதை நினைத்தாலே டிக்கெட் எடுக்கிற யோசனையை விட்டுவிடுவார். "ஸ்கூல்ல ஆள் இல்லம்மா, லீவு கிடைக்கல" என்றார். மூன்றாவது முறை அப்படிச் சொன்னபோது மகள், "உங்களுக்கு எப்பவும் வேலைதான்பா முக்கியம்" என்று வைத்துவிட்டாள். அவர் அதை மறுக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வேலை முக்கியமான அப்பா என்பது கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்தது.

மாத்திரைக்குப் பிறகு ஊசி மருந்து. ஆஸ்பத்திரியில் படுத்து, கையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் சில மாதங்கள் நன்றாகக் கேட்டது. அப்புறம் உடம்பு அதையும் பழகிக்கொண்டது. ஒருநாள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு காகிதத்தில் வயிற்றை வரைந்து காட்டினார். பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட வேண்டியது. மலம் அந்தப் பையில் சேரும்.

"எத்தனை நாளைக்கு?"

"உங்க விஷயத்துல, அநேகமா எப்பவுமே."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். பஸ்சில் மனைவி கேட்டதற்கு, "மாத்திரையை மாத்தியிருக்காங்க" என்றார்.

இது நடந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். அன்று காலை கண்ணாடியக்காவுக்குப் பாடம். சலவைக் கடை நடத்துகிற அம்மா அவர். ஒரு சின்ன வேன் வாங்கி, துணியைத் தானே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று ஆசை. தேர்வில் இரண்டு முறை போய்விட்டது. வண்டியில் உட்கார்ந்ததும் பின்பக்கக் கண்ணாடியை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, துடைத்து, ஆற அமரச் சரிசெய்வார். அப்புறம் இறங்குகிறவரை ஒரு தடவைகூட அதைப் பார்க்க மாட்டார். ஸ்கூலில் வைத்த பெயர்தான் கண்ணாடியக்கா.

நூலகத்துக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டிய இடம். அக்கா திரும்பாமல் நேரே விட்டார். நேரே போனால் மேம்பாலம்.

"அக்கா, வலதுன்னு சொன்னேனே."

"லாரி வந்துச்சு மாஸ்டர்."

"லாரி நின்னுட்டுத்தானே இருந்துச்சு."

"என்னைப் பார்த்துத்தான் நின்னுச்சு. அதான் பயமாப் போச்சு."

ஏறின வண்டியைப் பாலத்தில் திருப்ப முடியாது. பாதி தூரம் போனதும் முன்னால் எல்லாம் நின்றிருந்தது. எங்கோ இறக்கத்தில் ஒரு டேங்கர் பழுதாகிக் குறுக்கே நிற்கிறது என்று பக்கத்து ஆட்டோக்காரர் சொன்னார். அதற்குள் பின்னாலும் அடைத்துக்கொண்டது. நோய் வந்த நாளிலிருந்து மாஸ்டர் அந்தப் பாலத்தில் ஏறியதில்லை. கடை இல்லை, மரம் இல்லை, இரண்டு பக்கமும் இடுப்பளவுச் சுவர், கீழே தண்டவாளம்.

வயிறு ஒருமுறை முறுக்கி விட்டது. அவருக்குத் தெரியும், அது முதல் மணி. இரண்டாவது வர அதிக நேரம் பிடிக்காது. அவர் கண்ணாடி வழியே சுவரைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார், முன்னால் நின்ற பஸ்சின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர் தன் பக்கத்துப் பிரேக்கை இருந்த பலத்தையெல்லாம் திரட்டி மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர் இப்படி வேர்த்து ஊத்துது? தண்ணி தரட்டுமா?"

"நேரா பாருங்க அக்கா."

"நேரா பஸ்தான் இருக்கு."

பிறகு அவரால் முடியவில்லை.

அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். எட்டி, மாஸ்டர் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார். முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. போகிற வழியில் கொடுக்கலாம் என்று பின் இருக்கையில் போட்டிருந்த சலவை மூட்டையிலிருந்து வெள்ளைப் பெட்ஷீட் ஒன்றை உருவி நீட்டினார்.

"மடியில போட்டுக்குங்க."

"வேணாம்க்கா. அழுக்காயிடும்."

"அழுக்காகத்தானே மாஸ்டர் பெட்ஷீட். அது ஆகலேன்னா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அவர் அழவில்லை. பெட்ஷீட்டின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார். அடைப்பு நகர ஆரம்பித்ததும் அக்கா வண்டியை எடுத்தார், நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. மாஸ்டரால் காலை அசைக்க முடியவில்லை, கிளட்ச் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. எப்படியோ உருட்டிக்கொண்டு அக்கா தன் கடையின் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே குளிக்க இடம் காட்டினார். துவைக்கக் கொடுத்து யாரும் திரும்ப வாங்க வராத பேண்ட் ஒன்றைக் கொடுத்தார். அது எவனோ நெட்டையனுடையது. காலை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு மாஸ்டர் வெளியே வந்தபோது, இருக்கை உறை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரித் துணியெல்லாம் எங்கிட்டத்தான் வருது மாஸ்டர்" என்றார் அக்கா. "உலகத்துல யாருக்கும் நடக்காததா நினைச்சுக்காதீங்க."

மறுநாள் மாஸ்டர் முதலாளியம்மாவிடம் தானே போய்ச் சொன்னார். யாராவது சொல்லித் தெரிவதைவிட அது மேல் என்று பட்டது. நோயின் பெயர், வருடக்கணக்கு, பாலம், எல்லாம். முதலாளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை நாள் இதை வெச்சுக்கிட்டா வெயில்ல அலைஞ்சீங்க? சொல்லக் கூடாதா? இனிமே நீங்க வண்டியில ஏற வேணாம் மாஸ்டர். உள்ளே உட்கார்ந்து சாலை விதி சொல்லிக் கொடுங்க. பாத்ரூமும் பக்கத்துலயே இருக்கு."

"எனக்கு ஓட்டக் கத்துக்கொடுக்கிறதுதான்மா தெரியும்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சண்டை போட வருகிறவரிடம் சண்டை போடலாம். கண்கலங்கி நிற்கிறவரிடம் என்ன செய்வது? அவருடைய வண்டி ஒரு புதுப் பையனுக்குப் போயிற்று. மாஸ்டர் பின்பக்க அறைக்குப் போனார். ஜன்னல் இல்லாத அறை. மேஜைமேல் தீப்பெட்டி அளவுக் கார்கள். சுவரெங்கும் சாலைப் பலகைப் படங்கள்: நிற்காதே, திரும்பாதே, உள்ளே வராதே. வகுப்பு இல்லாத நேரத்தில் அவர் அந்தப் பொம்மைக் கார்களை வரிசையாக நிறுத்தி வைப்பார். வாசலில் தன் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும். கிளட்சைச் சீக்கிரம் விடுகிறான் என்று சத்தத்திலேயே தெரியும். எழுந்துபோய்ச் சொல்ல முடியாது.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் மனைவியும் கூடவே உள்ளே வந்தாள். வழக்கம்போலப் புது டாக்டர், வழக்கமான கேள்வி.

"ஒரு ஆறு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்ல டாக்டர். இருபதுக்கு மேல. சில நாள் எண்ணுறதை விட்டுடுவேன்."

தட்டச்சு நின்றது. டாக்டர் முதல் முறையாகத் திரையிலிருந்து தலையைத் திருப்பினார்.

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"பழசெல்லாம் ஆறு, ஏழுன்னுதானே பதிவாயிருக்கு. அதை வெச்சுத்தான் மருந்தை முடிவு பண்ணியிருக்காங்க. ஏன் சொல்லல?"

மாஸ்டர் யோசித்தார். "குறைச்சுச் சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு."

டாக்டருக்குச் சின்ன வயசு. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பொருட்படுத்தாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். வெளியே வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்க்க மாஸ்டருக்குத் தயக்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பாத்ரூம் கதவுச் சத்தம் கேக்காதா? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். சம்மதித்தால் உடனே நடந்துவிடுமா? கட்டில் இல்லை என்று ஒருமுறை தள்ளினார்கள். மயக்க மருந்து டாக்டர் விடுப்பு என்று ஒருமுறை. பட்டினி கிடந்து, துணிப்பையோடு போய், துணிப்பையோடு திரும்பி வந்தார். அந்த வாரங்களில்தான் அவர் மிகவும் இளைத்துப்போனார். கடைசியில் ஒருவழியாக முடிந்தது. கண் விழித்துப் போர்வையை விலக்கிப் பார்த்தபோது, வயிற்றின் வலதுபக்கத்தில் சிவப்பாக, ஈரமாக, மொட்டு மாதிரி ஒன்று வெளியே நின்றது. அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இரண்டு நாள் அதைப் பார்க்கவே இல்லை.

பை மாற்றக் கற்றுக்கொடுக்க வந்த நர்ஸ் தம்பி, "நிறைய பேர் இதுக்கு ஒரு பேர் வெச்சுக் கூப்பிடுவாங்க சார், பழகறதுக்கு ஈசியா இருக்கும்" என்றான். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மனைவிதான் பையை அளவாக வெட்டி, துடைத்து, ஒட்டப் பழகினாள். அப்போது அந்த மொட்டிலிருந்து காற்று பிரிந்து, அது தானாகக் குரல் கொடுத்தது. அடங்கியது, மறுபடியும் கொடுத்தது.

"நேரங்காலம் பார்க்காம, யாரும் கேக்காமயே பேசுது" என்றாள் அவள், கையை எடுக்காமலே. "அண்ணன்னே கூப்பிட்டுடலாம்."

தையல் இழுக்க இழுக்க மாஸ்டர் சிரித்தார். சிரிக்காதீங்க, பிரிஞ்சுடும் என்று நர்ஸ் தம்பி பயந்துபோனான்.

ரத்தம் நின்றது. முறுக்கி எடுக்கும் வலி போயிற்று. அதற்குப் பதிலாக வேறு தொல்லைகள் வந்தன. பையின் ஓரம் கசிந்தால் தோல் வெந்துபோகும். உடம்பில் தண்ணீர் நிற்காமல் திடீரென்று கால் பின்னும். பெருங்குடலை எடுத்தபோது அடியில் விட்டுவைத்த மிச்சத் துண்டை வருடா வருடம் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் நடுத்தெருவில் ஓட வேண்டியதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் முதலாளியம்மாவிடம் போனார்.

"இப்ப வண்டியில உட்காரலாம்மா. டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்கார்."

முதலாளியம்மா அவர் வயிற்றைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றார். "சீட் பெல்ட் அது மேலதானே வரும் மாஸ்டர்? திடீர்னு பிரேக் போட்டா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மனசு தாங்குமா? உள்ளேயே இருங்க. உங்களை யாரும் போகச் சொல்லலையே."

பெல்ட் விஷயம் பொய்யில்லை. மனைவி கைக்குட்டையை நான்காக மடித்து வைத்துப் பார்த்திருந்தாள், உறுத்தாமல் உட்கார்ந்தது. அதை விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். முதலாளியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஆனால் கேட்கவில்லை. மாஸ்டர் மறுபடியும் பலகைப் படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். எதற்காகக் குடலை அறுத்துப் போட்டோம் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியக்கா தேர்வில் மூன்றாவது முறையும் தோற்றுவிட்டு வந்து சத்தம் போட்டார். புதுப் பையன் திட்டுகிறான், திட்டினால் எனக்குக் கை ஓடாது, மாஸ்டர் வந்தால் வருகிறேன், இல்லையென்றால் வேறு ஸ்கூலைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளியம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் ஒரு மணி நேரம், அக்காவுக்கு மட்டும் என்று விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் சாவியை மேஜையில் வைத்துவிட்டு மாஸ்டர் பின்பக்க அறைக்குப் போய்விட வேண்டும். இன்றுவரை ஏற்பாடு அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு கையில் பொட்டலம் எதுவும் கொண்டுவருவதில்லை. உட்கார்ந்ததும் தொடையில் தட்டிக்கொண்டு, "அப்புறம் மாப்ள, இப்ப எல்லாம் சரியாப் போச்சில்ல?" என்றார். ஆமாம் என்ற பதிலைக் கையோடு வாங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போகிற அவசரம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. தெருவில், ஸ்கூலில், போனில், எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். மாஸ்டரும் எல்லாருக்கும் அந்த ஆமாமைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

"இல்ல மச்சான்" என்றார் அன்று. "சரியாப் போகல. இது போகாது. காலையில தோல் வெந்து இவ ஒரு மணி நேரம் மருந்து போட்டா. உங்க தங்கச்சி தூங்கி நாளாச்சு. எனக்கு மகளைப் போய்ப் பார்க்கணும், ரயில் ஏறப் பயமா இருக்கு."

மச்சான் வாயைத் திறந்தார். ஏதோ யோசனை நாக்கு நுனிவரை வந்ததும் தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. மனைவி வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல மாப்ள" என்றார் மச்சான், கடைசியில்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். உட்காருங்க."

மச்சான் உட்கார்ந்திருந்தார். விசிறியைப் பார்த்தார், தன் கால் நகங்களைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். அவர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.